மாவிளக்கு குருநாதன் என் சம்மந்தி

என் மகள் வேல்விழிக்கு ஆண் குழந்தை பிறந்து இன்றோடு நாற்பத்திரண்டு நாள். பிறக்கும்போது மூன்று கிலோ நூறு கிராம். இதை நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன், உரக்கடையில் சொன்னேன், கேட்காதவர்களிடமும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். இடது காது மடல் அப்படியே என்னுடையது. மற்றதெல்லாம் அவன் அப்பா வீட்டுச் சாயல். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பேரனைப் பற்றி இல்லை. அவனுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி. பெயர் குருநாதன். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர். என் மாப்பிள்ளை கோகுலின் அப்பா. பேரன் பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு அவர்மேல்.

நான் மேலநீலிதநல்லூர். பெயர் சுடலைமணி. ரெண்டு ஏக்கர் மானாவாரி, உளுந்தும் மக்காச்சோளமும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நான் எழுதுவதை வேல்விழி பார்த்துத் திருத்திக் கொடுக்கிறாள். மாமனாரைப் பற்றி எழுதியிருக்கும் இடங்களில் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். நான் குறைக்கவில்லை.

பகை தொடங்கியது கல்யாணத்தன்று. எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சோறாவது உண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் அது உறவு. உண்ணாமல் போனால், உன் வீடு எனக்கு ஆகாது என்று ஊரறியச் சொன்ன மாதிரி. முதல் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான் போட்டேன். ஆளைக் காணோம். தேடிப்போனால் மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் தோளில் துண்டோடு நிற்கிறார். வயிறு சரியில்லை என்றார். கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

உள்ளே அவர் இலையில் பாயாசம் வரைக்கும் வைத்து, ஈ மொய்த்துக் கிடந்தது. நானே மடித்து எடுத்தேன். என் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான்.

"என்னலே, உன் சம்மந்தி திங்காத இலையை நீ மடிக்க?"

அந்தக் கேள்வி ரெண்டு வருஷம் எனக்குள்ளேயே கிடந்து புளித்தது.

மறுவீட்டுக்கு வந்தார், சாப்பிடவில்லை. தீபாவளிக்கு வந்தார், பலகாரத்தைத் தொடவில்லை. வளைகாப்புக்கு வந்து, வளையல் போடுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். காப்பி கொடுத்தால் வாங்கி ஜன்னலில் வைப்பார். போன பிறகு பார்த்தால் ஆடை படிந்து அங்கேயே இருக்கும். என் மனைவி தங்கத்தாய் ஒரு தடவை, நம் பாத்திரம்தான் பிடிக்கவில்லையோ என்று புதுப் பானை வாங்கிப் பொங்கிப் பார்த்தாள். அன்றைக்கும் வயிறு சரியில்லை. ரெண்டு வருஷமாக ஒரு மனுஷனுக்கு எங்கள் வீட்டு வாசலில் மட்டும் வயிறு சரியில்லாமல் போகுமா? நானும் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். கோகுலும் வேல்விழியும் கோவில்பட்டியில் வேலை பார்த்துக்கொண்டு, நடுவில் கிடந்து முழித்தார்கள்.

பேரன் பிறந்ததும், போகட்டும் என்றுதான் நினைத்தேன். தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் அப்பாவைப் பெற்றவர் பெயரைத்தான் வைப்போம். எனக்குப் பிடிக்காத பெயர்தான். இருந்தாலும் முறை முறைதானே. தங்கத்தாய் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, ஏலே குருநாதா என்று கொஞ்சினாள். வார்டு வாசலில் நின்றிருந்தவர், தேள் கொட்டினவர் மாதிரித் திரும்பினார்.

"அந்தப் பேரை வைக்காதிய. வேற என்ன பேரு வேணாலும் வையிங்க."

நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் கத்தினேன்.

"சோறும் வேண்டாம், பேரும் வேண்டாம். என் மக பெத்தது உம்ம வம்சம் இல்லையாவே?"

அவர் பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். வாசல் வரைக்கும் துரத்திப் போனேன். கோகுல் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவனிடம் காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, அப்பா சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றான். எனக்கு இன்னும் எரிந்தது.

முப்பத்தோராம் நாள் பெயர் வைப்பதாக முடிவு செய்தோம். எந்தப் பெயர் என்று மட்டும் முடிவாகவில்லை. இருபதாம் நாள் காலை நான் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறினேன். நேரில் நின்று கேட்பது, பேரன் வேண்டுமா வேண்டாமா, வேண்டாம் என்றால் அன்றோடு அறுத்துக்கொள்வது. இதை மேலநீலிதநல்லூரிலிருந்து அவர் தெரு வரைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் வீடு தறிக்கூடத்தை ஒட்டி. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, தனியாகப் பொங்கித் தின்கிறார். நான் போனபோது ஏற்கெனவே ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பையன் விக்னேஷ்வரன். அவனோடு ஸ்ருதி என்று ஒரு பெண், மடியில் லேப்டாப் பை. தட்டில் பழம், வெற்றிலை, ஒரு அழைப்பிதழ். நாற்காலியில் ஒரு புத்தகம். எனக்குப் பெரிய எழுத்துதான் ஓடும். கூட்டிப் படித்தேன். 'மாவிளக்கு குருநாதன். ஐம்பதாம் ஆண்டு. புதுக்கதைகள்.'

அட்டையில் ஒரு பொடியன். பானை மாதிரி தொந்தி, அதற்குமேல் நிற்காத டவுசர். கையில் எரிகிற மாவிளக்கு. உதடு சுட்டுச் சிவந்து வீங்கியிருக்கிறது, அப்படியும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். நான் படத்தைப் பார்த்தேன். பிறகு என் சம்மந்தியின் மீசையைப் பார்த்தேன். அதற்குக் கீழே, மேலுதட்டில் பளபளப்பாக ஒரு தழும்பு உண்டு. பீடி சுட்டது என்று நினைத்திருந்தேன்.

விக்னேஷ்வரன் என்னையும் விருந்தாளி என்று எண்ணிப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தான். அவன் தாத்தா சிவராமலிங்கம் சார் எழுதிய கதைகளாம். கோவிலில் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஏற்றின மாவிளக்கை எரிய எரியத் தின்றுவிடுகிற பெருந்தீனிப் பையன். பிறகு கல்யாண வீட்டில் அண்டாவுக்குள் விழுகிறான், ரேஷன் கடையில் சீனி மூட்டைக்குள் ஒளிகிறான். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் சிரித்த கதைகளாம். இப்போது ஐம்பதாவது வருஷத்துக்குப் புதிதாகப் பன்னிரண்டு பேரை வைத்துப் பன்னிரண்டு கதைகள் எழுதியிருக்கிறார்கள். உண்மையான குருநாதனே சங்கரன்கோவிலில் இருக்கிறார் என்று அவர்களுக்குப் போன மாதம்தான் தெரிந்ததாம். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

ஸ்ருதி சந்தோஷமாகத் தன் கதையைச் சொன்னாள். அதில் குருநாதன் தாத்தாவாகிவிட்டார். அவருடைய பேரன் பிறந்தநாள் கேக்கை எரிகிற மெழுகுவர்த்தியோடு விழுங்கிவிடுகிறான். தாத்தா மாதிரியே பேரன், என்று முடித்திருக்கிறாளாம்.

சம்மந்தி எழுந்து நின்றார்.

"எந்திரிங்க ரெண்டு பேரும்."

விக்னேஷ்வரன் சிரித்தபடியே எழுந்தான். பெயர் ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கிறது, இது தாத்தா உருவாக்கின பாத்திரம், பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றான். சம்மந்தி தட்டை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"உங்க தாத்தா என்னைத் தின்னாரு. நீ என் பேரனைத் திங்க வந்திருக்க. போ."

அவர்கள் போனார்கள். அழைப்பிதழ் மட்டும் தரையில் கிடந்தது. நான் கேட்க வந்த கேள்வி வாயில் இல்லை. உட்கார் என்று அவர் சொல்லவில்லை, நானாக உட்கார்ந்தேன். கூடத்தில் தறி ஓடுகிற சத்தத்தில், என் பக்கம் திரும்பாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அப்போது அவருக்கு எட்டு வயது. அந்த வருஷம் மழை இல்லை. அவர் அப்பா வேலை தேடிக் கேரளாவுக்குப் போனவர், மூன்று மாதமாகத் தகவல் இல்லை. அம்மா காய்ச்சலில் கிடந்தாள். வீட்டில் அடுப்பு எரிந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் கோமதி அம்மன் சன்னதியில் பெண்கள் மாவிளக்கு ஏற்றுவார்கள் என்று தெரியும், போய் நின்றிருக்கிறார். பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சூடாகி வாசனை வந்திருக்கிறது. விளக்கு அணைந்தபிறகு பிட்டுப் பிட்டுக் கொடுப்பார்கள். அதுவரைக்கும் நிற்கக் காலில் பலம் இல்லை. கையை நீட்டி எடுத்து, திரியோடு வாயில் வைத்துவிட்டார்.

அவருக்குப் பாடம் எடுத்த சிவராமலிங்கம் சார் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். வாயைத் தோண்டித் திரியை எடுத்துப் போட்டது அவர்தான். தலையில் குட்டினார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஏன் தின்றாய் என்று மட்டும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கதை வந்துவிட்டது.

"அன்னைக்கு என் விலா எலும்பை எண்ணலாம் சம்மந்தி. அந்த ஆளு எனக்குத் தொந்தி போட்டாரு."

அதற்குப் பிறகு எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர், குத்துவிளக்கை எடுத்து உள்ளே வையுங்கள், குருநாதன் வருகிறான், என்பார்களாம். பதினைந்து வயதில் ஒரு சடங்கு வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அதோடு சரி. பிறகு மனைவி கையால் மட்டும், அதுவும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறார். மகன் கல்யாணத்தில்கூட உட்கார முடியவில்லை. தறி வேலைக்குப் போனதற்கும் இதுதான் காரணம். அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் நீரும் சிரிப்பீர் என்றார்.

நான் இதை மறைக்க விரும்பவில்லை. அவர் அதைச் சொன்னபோது, எரிகிற திரியை வாயில் வைத்த அந்தப் பையன் கண்ணுக்கு முன்னால் வந்து, ஒரு நொடி எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் அந்நேரம் பார்த்துத் திரும்பினார், பார்த்துவிட்டார்.

"போம்வே," என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பேரனின் எடையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தக விழா. நான் தனியாகப் போனேன். பேரன் கதையை எடுத்துவிடச் சொல்லுவது, மறுத்தால் ரெண்டில் ஒன்று பார்ப்பது என்று போனேன். விக்னேஷ்வரனை மேடைக்குப் பின்னால் பிடித்தேன். அச்சாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றான். உங்களுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டான். என் கை தானாகவே மேலே போனது. பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். திரும்பினால் சம்மந்தி, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு.

"நீர் எவனையாவது அடிச்சுப் போடுவீருன்னு கோகுல் போன் போட்டான். அதான் வந்தேன். வாரும் போவோம்."

ஆனால் விக்னேஷ்வரன் விடவில்லை. அவனுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அவரைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இவர்தான் நம் மாவிளக்கு குருநாதன், என்று மைக்கில் அறிவித்துவிட்டான். இருநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பெண் தட்டில் நிஜ மாவிளக்கை ஏந்திக்கொண்டு வந்தாள். போட்டோவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நெய்யை விளிம்பு வரைக்கும் ஊற்றி ஏற்றியிருந்தார்கள். கேமராக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஒரே ஒரு கடி, ஐயா, ஒரே ஒரு போட்டோ, என்றான் விக்னேஷ்வரன். பிள்ளைகள் தாளம் போட்டு அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் மேடைப் படியில் கால் வைத்தேன். சம்மந்தி என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு தட்டை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என்ன ஐயா என்று விக்னேஷ்வரன் மைக்கோடு குனிந்தான்.

"எரியுத விளக்கைத் திங்கக் கூடாதுல்லா தம்பி. மலையேறட்டும்."

மாவிளக்கை எங்கள் பக்கம் யாரும் ஊதி அணைக்க மாட்டோம். நெய் தீர்ந்து தானாக அணைய வேண்டும். அதைத்தான் மலையேறுவது என்போம். அதற்குப் பிறகுதான் பிட்டுத் தின்ன வேண்டும். மண்டபத்தில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. விக்னேஷ்வரன் யாரிடமோ கண்ணைக் காட்டினான், மேடை ஃபேன் வேகமாகச் சுற்றியது. சுடர் சாய்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்துவிட்டாள்.

"அம்மன் விளக்கை அணைக்கவா ஃபேனைப் போடுத?"

ஃபேனை நிறுத்தினார்கள். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கிற வயரிங் போல, மண்டபம் முழுக்க நின்றது. எல்லோரும் வியர்வையில் நனைந்தார்கள். வரவேற்புரை பேச வந்தவர் நடுவில் விளக்கும் ஆளும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு பேச முடியாமல் உட்கார்ந்தார். சிறப்பு விருந்தினர் ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாவது தடவை காரைக் கூப்பிட்டார். விக்னேஷ்வரன் சம்மந்தியின் காதருகே குனிந்து, வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று பல்லைக் கடித்தான். ஆமாம் என்றார் இவர்.

அரைமணி நேரத்துக்கு மேல் போயிற்று. பிள்ளைகள் முதலில் கத்தினார்கள், பிறகு சலித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக மேடையேறி விளக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அபிதா என்று ஒரு பிள்ளை, சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், அந்தப் புத்தகத்தையே மடியில் வைத்திருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"தாத்தா, புக்குல டக்குன்னு தின்னுட்டீங்களே. இன்னைக்கு மட்டும் எப்படிப் பொறுக்கீங்க?"

"இன்னைக்குக் காலைல சாப்பிட்டுட்டு வந்தேன் மக்கா. அன்னைக்கு ரெண்டு நாளாச் சாப்பிடல."

மைக் கீழேதான் கிடந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் விடவில்லை.

"ஏன் சாப்பிடல?"

"வீட்டுல இல்ல."

"அப்ப தொந்தி?"

"அது வரைஞ்சவரு போட்டது."

அபிதா அட்டைப் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்கு மேல் யாரும் தாளம் போடவில்லை. ஸ்ருதி மேடை ஓரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விருப்பமில்லை.

சுடர் ஒரு தடவை குதித்து அணைந்தது. சம்மந்தி திரியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மாவைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு எழுந்தார். போட்டோவுக்காவது ஒரு வாய் என்று விக்னேஷ்வரன் வழியை மறித்தான்.

"எங்கன வச்சு ஏத்தினாலும் அது அம்மனுக்குத்தான். உன் போட்டோவுக்கு இல்ல."

பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவர் வீட்டுப் பக்கம் போவார் என்று நினைத்தேன். மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டில் கால் கழுவினார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இலை போடச் சொல்லும்," என்றார்.

தங்கத்தாய் இலை போட்டாள். அவசரத்தில் சோறு தரையிலும் சிந்தியது. வேல்விழி பிள்ளையோடு வந்து, சுவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் நிமிர்ந்தால் சுவர் இல்லை, பேரன்தான். கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு உண்டார். நான் ரெண்டு வருஷமாக எதிர்பார்த்த அந்தச் சாப்பாட்டில் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"சாம்பார்ல உப்பு கம்மி."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. ரெண்டு வருஷம் கழித்து வந்து உப்பா பார்க்கிறீர் என்று கேட்டேன். ரசம் ஊற்றச் சொன்னார்.

உண்டு முடித்து, துண்டிலிருந்த மாவைப் பிட்டு வேல்விழிக்கும் தங்கத்தாய்க்கும் கொடுத்தார். எனக்குக் கடைசியில், கொஞ்சமாகத்தான் கொடுத்தார். அப்போது பெயரைப் பற்றிக் கேட்டேன். அவனைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றார்.

"சிரிச்சா விளக்கு மலையேறுத மட்டும் நீரு உக்காரும். அடிக்க நான் இருக்கேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் முப்பத்தோராம் நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, பிள்ளையைத் தானே மடியில் வாங்கி, காதில் மூன்று தடவை தன் பெயரைச் சொன்னார்.

புத்தகம் விற்பனைக்கு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிறது, அதே தொந்தி, அதே சுட்ட உதடு, உள்ளே கேக்கைத் தின்கிற பேரனும் இருக்கிறான். விக்னேஷ்வரன் எதிரே வந்தால் நாங்கள் தெருவைக் கடந்துவிடுவோம். ஸ்ருதி ஒரு நாள் சம்மந்தி வீட்டுக் கதவைத் தட்டினாளாம், இவர் திறக்கவில்லை. அது அவர் இஷ்டம். அவரும் நானும் இன்னும் எதற்கும் ஒத்துப்போவதில்லை. இதுவரை ரெண்டு வெள்ளிக்கிழமையும் வந்து சாப்பிட்டார், ரெண்டு தடவையும் ஏதாவது குறை சொன்னார். பந்தியில் உட்காரச் சொன்னால் இன்னும் முறைக்கிறார்.

நேற்று எடை போட்டோம். குருநாதன் நாலு கிலோ முந்நூறு. பசி வந்தால் தெருவே கேட்க அழுகிறான். அழுத உடனே கொடுத்துவிடுகிறோம்.